வீட்டில் மோட்டார் செய்ய நான்கு வழி: உங்களுக்கு எது சரி?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்துவிட்டால் போதும், ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வந்து விழும். "மோட்டார் செய்யணுமாம், வீடியோவுல பத்து விதமா காட்டுறாங்க, எதைச் செய்யலாம்?" வீடியோவில் எல்லா மோட்டாரும் சுற்றும். சுற்றாமல் முரண்டு பிடித்த நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தானே போடுகிறார்கள்! அதனால் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுப்பது கஷ்டம்.

கடைசல் இயந்திரம், சால்டரிங் திறமை என்று எதுவும் இல்லாமல் ஒரு சாதாரண வீட்டில் செய்யக்கூடியவை நான்குதான். ஸ்க்ரூ மோட்டார், ஊக்கு மோட்டார், பிளவு வளைய மோட்டார், ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச்) மோட்டார். மற்றதெல்லாம் இவற்றின் வேஷம் மாறிய உறவுக்காரர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

செலவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான்குமே சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். நான் பார்ப்பது வேறு: செய்ய எவ்வளவு நேரம் ஆகும், முதல் தடவையிலேயே சுற்ற வாய்ப்பு உண்டா, கண்காட்சி நாள் முழுக்கத் தாங்குமா, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பயமில்லாமல் வைக்கலாமா. இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நடுவராக வருபவர் "இது ஏன் தொடர்ந்து சுற்றுது?" என்று கேட்டால், பிள்ளை அந்த மோட்டாரைக் காட்டியே பதில் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி லேசானதில்லை. மின்சாரம் ஓடும் கம்பி, பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-இல் ஓர்ஸ்டெட் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டே ஃபாரடே, பாதரசக் கிண்ணத்தில் தொங்கவிட்ட கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுற்ற வைத்துவிட்டார். காந்தப் புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் அதன் மேல் ஒரு விசை விழும், அவ்வளவுதான் அடிப்படை. அதே கம்பியை வளையமாக்கினால் ஒரு பக்கம் மேலே தள்ளப்படும், எதிர்ப்பக்கம் கீழே தள்ளப்படும், வளையம் திரும்பும். சரி, அரைச் சுற்று போனதும்? மேலே போன பக்கம் இப்போது எதிர்ப்புறம் வந்துவிட்டது, ஆனால் விசை பழைய திசையிலேயே தள்ளுகிறது, அதாவது வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. விட்டுவிட்டால் வளையம் இரண்டு ஆட்டம் ஆடி, திசைகாட்டி முள் மாதிரி ஒரு நிலையில் நின்றுவிடும். சுற்றாது.

இந்த அரைச் சுற்றுச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்பதுதான் ஒரு மோட்டாருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம். நான்கையும் அப்படித்தான் எடை போட்டிருக்கிறேன். (தூரிகை என்பது சுற்றும் பாகத்தை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் தொடர்பு. எனாமல் என்பது செப்புக் கம்பியின் மேல் இருக்கும், மின்சாரத்தை விடாத பூச்சு.)

| | ஸ்க்ரூ | ஊக்கு | பிளவு வளையம் | ரீட் சுவிட்ச் |
|---|---|---|---|---|
| செய்யும் நேரம் | பத்து நிமிடம் | ஒரு மாலை | இரண்டு விடுமுறை நாள் | ஒரு முழு நாள் |
| முதல் தடவையே சுற்றுமா | பெரும்பாலும் | கொஞ்சம் சரிசெய்த பிறகு | சந்தேகம் | ரீட் சரியான இடத்தில் இருந்தால் |
| அரைச் சுற்றில் என்ன செய்கிறது | அந்தச் சிக்கலே இல்லை | மின்சாரத்தை நிறுத்துகிறது | மின்சாரத்தைத் திருப்புகிறது | தேவைப்படும்போது மட்டும் தள்ளுகிறது |
| பேட்டரிச் செலவு | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| நாள் முழுக்கத் தாங்குமா | தாங்காது | இடையிடையே தேய்த்தால் | தூரிகையைப் பொறுத்தது | தாங்கும் |
| எதில் மாட்டிக்கொள்வீர்கள் | காந்தம், சூடு | எனாமல் சுரண்டுவது | தூரிகையின் அழுத்தம் | ரீட் உடைவது |

## ஸ்க்ரூ மோட்டார்

ஒரு ஏஏ செல், ஒரு இரும்பு ஸ்க்ரூ, வட்டமான நியோடிமியம் காந்தம் ஒன்று, ஒரு சாண் கம்பி. ஸ்க்ரூவின் தலையில் காந்தத்தை ஒட்டி, ஸ்க்ரூவின் கூர்முனையைச் செல்லின் ஒரு முனையில் தொட்டால் அது காந்த இழுப்பிலேயே தொங்கும். செல்லின் மறுமுனையிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து காந்தத்தின் விளிம்பில் லேசாகத் தொடுங்கள், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். பார்ப்பவர்கள் "ஓ!" என்பார்கள், அதில் சந்தேகமே இல்லை.

காந்தத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மின்சாரம் ஓடுகிறது, காந்தப் புலம் மேல்கீழாக இருக்கிறது, விசை பக்கவாட்டில் விழுகிறது. எந்த நொடியிலும் இந்த ஏற்பாடு மாறுவதில்லை, அதனால் திசை மாற்ற வேண்டிய தேவையே வருவதில்லை. ஃபாரடே 1821-இல் செய்ததும் இதே இனம்தான். (யாராவது "அசலாகவே செய்யலாமே" என்று பழைய தெர்மாமீட்டரை உடைக்கப் போனால் தடுத்துவிடுங்கள், பாதரச ஆவி விஷம்.)

இதன் குறையும் அங்கேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் சுருள், தூரிகை, திசைமாற்றி (அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் திருப்பும் பாகம்) எதுவும் இதில் கிடையாது. நடுவர் புத்தகப் படத்தைக் காட்டி "இதுல திசைமாற்றி எங்க?" என்றால் "இதுக்குத் தேவையில்லை" என்பதை விளக்கும் அளவுக்குப் பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். அது மற்ற மூன்றையும் விடக் கடினமான பாடம்.

மறைந்திருக்கும் செலவு பேட்டரியில். இது செல்லை நேரடியாகக் குறுக்கே இணைப்பதுதான் (ஷார்ட் சர்க்யூட்), வேறு ஒன்றுமில்லை. செல்லும் கம்பியும் கைதாங்காத அளவுக்குச் சுடும், சில விநாடிக்கு மேல் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. நாள் முழுக்கக் காட்டினால் செல்கள் வரிசையாகச் சாகும். காந்தமும் பார்க்கத்தான் சின்னது. சின்னக் குழந்தை இரண்டு நியோடிமியம் காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடலையே ஓட்டை போட்டுவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்க்ரூ வாங்கும்போது கடையிலேயே காந்தத்தை வைத்துப் பாருங்கள், பல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்களில் காந்தம் ஒட்டாது. நாளைக்கே கண்காட்சி, கையில் ஒன்றுமில்லை என்றால் மட்டும் இது.

## ஊக்கு மோட்டார்

இரண்டு ஊக்குகள் தாங்கிகள், நடுவில் எனாமல் பூசிய செப்புக் கம்பியில் ஒரு சுருள், கீழே ஒரு காந்தம், ஒரு செல். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

டார்ச்சுக்குப் போடும் பெரிய செல்லைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பியைச் சுற்றி உருவி எடுங்கள். இரு முனைகளையும் வளையத்தில் எதிரெதிராக ஒரு முடிச்சுப் போட்டு நேராக நீட்டி விடுங்கள். இவைதான் அச்சு. 22 முதல் 24 கேஜ் கம்பி சரியாக இருக்கும், அதைவிட மெல்லியது தொய்ந்துவிடும். பழைய சீலிங் ஃபேனிலிருந்து உருவிய கம்பி சும்மா கிடக்கிறதே என்று பலர் ஆசைப்படுவார்கள். அது தலைமுடி மாதிரி இருக்கும், சுருள் தன் வடிவத்தில் நிற்காது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். நல்ல மனசுக்காரர் என்றால் மிச்சத்துண்டைச் சும்மாவே கொடுப்பார்.

அடுத்து, பத்தில் ஒன்பது பேர் கவிழும் இடம். செப்புக் கம்பி பளபளவென்று இருப்பதால் பூச்சு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள், ஆனால் மேலே எனாமல் இருக்கிறது, அது மின்சாரத்தை விடாது. ஒரு முனையை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து முழுக்க எனாமலை எடுக்க வேண்டும். மறுமுனையில் பாதி மட்டும். அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுருளை மேசை விளிம்பில் செங்குத்தாகத் தொங்கும்படி வைத்து, கம்பி முனையை மேசை மேல் படுக்க வைத்து, மேலே தெரியும் பாதியை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். சுருளைப் படுக்கப் போட்டுச் சுரண்டினால் அதே வேலைதான், ஆனால் மோட்டார் சுற்றாது.

காரணம் இதுதான். காந்தம் கீழே இருக்கிறது, அதனால் சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் அதைத் திருப்பும் விசை உச்சத்தில் இருக்கும். படுத்திருக்கும்போது பூஜ்யம். மின்சாரம் ஓடும் அரைச் சுற்றின் மையம் அந்தச் செங்குத்து நிலையில் இருக்க வேண்டும். மையம் படுத்த நிலையில் விழுந்துவிட்டால், முதல் கால் சுற்றுக்கு முன்னே தள்ளும், அடுத்த கால் சுற்றுக்குப் பின்னே தள்ளும், சுருள் நடுங்கிக்கொண்டே நிற்கும்.

சரியாகச் சுரண்டிவிட்டால், நல்ல பாதியில் ஒரு தள்ளு கிடைக்கும், கெட்ட பாதியில் எனாமல் மின்சாரத்தைத் தடுக்கும், சுருள் தன் வேகத்தில் கடந்துவிடும். ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டுகிறவர் ஊஞ்சல் தன்னை நோக்கி வரும்போது தள்ளுவதில்லை, திரும்பிப் போகும்போது மட்டும் ஒரு தட்டு தட்டுகிறாரே, அதே கணக்கு. நடுவரிடம் பிள்ளை இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும்.

சுற்றவில்லை என்றால் செல்லைத் தொட்டுப் பாருங்கள். செல் குளிர்ந்தே இருந்தால் மின்சாரம் ஓடவில்லை, எனாமல் மிச்சமிருக்கிறது. சூடாகிறது ஆனால் சுருள் அசையவில்லை என்றால் காந்தம் தூரமாக இருக்கிறது, அல்லது சுருள் ஒரு பக்கம் கனத்துத் தொங்குகிறது. நடுங்குகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் சுரண்டிய கோணம் பிசகு. கொஞ்ச நேரம் சுற்றி நின்றுவிட்டால் தீப்பொறியில் கம்பி கறுத்திருக்கும், உப்புத்தாளால் ஒரு இழு இழுத்தால் மறுபடி ஓடும். ஆரம்பத்தில் விரலால் ஒரு தட்டு தேவைப்படும், அதுவும் அதற்குப் பிடித்த திசையில். எதிர்த் திசையில் தட்டினால் தயங்கி நின்று சில சமயம் திரும்பி ஓடும். காந்தத்தைக் கவிழ்த்துப் போட்டால் திசை மாறும், செல்லைத் திருப்பினாலும் மாறும், இரண்டையும் செய்தால் பழைய திசையே. கண்காட்சியில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், கூட்டம் நிற்கும்.

இதன் மறைமுகச் செலவும் பேட்டரிதான். சுருள் மொத்தமே ஒரு மீட்டர் கம்பி, மின்தடை 0.1 ஓமுக்கும் கீழே. சுரண்டிய பக்கம் ஊக்கில் பட்டபடி சுருள் நின்றுபோனால் செல் சும்மாவே வடியும். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவான கார்பன் ஜிங்க் செல் இவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கத் திணறும், அதனால் "எல்லாம் சரியா செஞ்சேன், சுத்தலை" என்பவர்கள் முதலில் ஆல்கலைன் செல் போட்டுப் பார்க்கவும். நியோடிமியம் காந்தம் போட்டால் ஊக்கையே இழுத்துச் சாய்க்கும், பழைய ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தம் இங்கே நிம்மதி.

## பிளவு வளைய மோட்டார்

பாடப்புத்தகப் படம் அப்படியே இதுதான். கெட்ட அரைச் சுற்றில் மின்சாரத்தை நிறுத்துவதற்குப் பதில் அதன் திசையையே திருப்பிவிட்டால், அந்த அரைச் சுற்றும் நல்லதாகிவிடும். சுருளோடு சேர்ந்து சுற்றும் இரண்டு பாதி வளையங்கள், அவற்றை இரு பக்கமும் உரசும் தூரிகைகள். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1832-இல் இப்படிப்பட்ட திசைமாற்றியோடு மோட்டார் செய்தார். உங்கள் வீட்டு மிக்ஸியின் காற்றுத் துளை வழியே இருட்டில் தெரியும் நீலப் பொறிகள் இந்த இடத்திலிருந்துதான் வருகின்றன, தேய்ந்துபோனால் கடைக்காரர் மாற்றும் கார்பன்தான் அந்தத் தூரிகை.

வீட்டில் செய்ய: சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அச்சு. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவின் உடல் துண்டு, அதன் மேல் இரண்டு செப்புத் தகட்டுக் கீற்றுகள், நடுவில் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. இருபுறமும் காந்தம், ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையைப் பார்த்து. தூரிகைக்குச் சாதாரண மின்கம்பியின் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளைப் பிரித்துப் போடலாம். சுருளின் முகம் காந்தங்களைப் பார்த்திருக்கும் அந்தக் கணத்தில் தூரிகைகள் இடைவெளியின் மேல் இருக்க வேண்டும். கோணம் தவறினால் இதுவும் நடுங்கும்.

தலைவலி தூரிகையில்தான். அழுத்தினால் உராய்வு சுருளை நிறுத்தும், தளர்த்தினால் தொடர்பு விட்டுப்போகும். தூரிகை அகலமாக இருந்து இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் செல் குறுக்கே இணையும். மேசையை யாராவது இடித்தால் மறுபடி சரிசெய்ய வேண்டும். செய்து முடித்தால் கிடைக்கும் திருப்தி பெரிது, ஆனால் பல வீடுகளில் கடைசி இரவு அப்பா செய்து, பிள்ளை தூங்கிப்போய், மறுநாள் பிள்ளைக்குச் சரிசெய்யத் தெரியாமல் நிற்பது இந்த மோட்டாரில்தான். கையால் செய்வதில் ருசி உள்ள பிள்ளை, கையில் இரண்டு வாரம், வீட்டில் பொறுமையான ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் இறங்குங்கள்.

## ரீட் சுவிட்ச் மோட்டார்

இங்கே சுற்றுவது காந்தம், சும்மா இருப்பது சுருள். ஒரு சக்கரத்தின் விளிம்பில் நான்கு காந்தங்கள், எல்லாம் ஒரே முனை வெளியே பார்க்க. பக்கத்தில் போல்ட் ஒன்றின் மேல் இருநூறு முந்நூறு சுற்றுச் சுருள். காந்தம் நெருங்கும்போது மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச், சரியான கணத்தில் சுருளுக்கு மின்சாரம் கொடுத்துக் காந்தத்தைத் தள்ளிவிடும். தூரிகை இல்லை, உரசல் இல்லை, பல நூறு சுற்றுச் சுருள் என்பதால் செல்லும் சீக்கிரம் சாகாது. இன்று விற்கும் பிஎல்டிசி ஃபேன் (தூரிகை இல்லாத மோட்டார் உள்ளது) இதே யோசனைதான், ரீடுக்குப் பதில் மின்னணுச் சுற்று மாற்றிவிடுகிறது. சாதாரண ஃபேன் எழுபது வாட்டுக்கு மேல் இழுக்கும் இடத்தில் அது முப்பது வாட் பக்கம் முடித்துக்கொள்கிறது என்று சேர்த்துச் சொன்னால் பெற்றோர்களும் காது கொடுப்பார்கள்.

ரீட் ஒரு கண்ணாடிக் குழாய், காலை வளைக்கும்போதே உடையும், இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும், சிற்றூரில் இணையத்தில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள். சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போடாவிட்டால் பொறியில் ரீடின் உள்முனைகள் ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இது நல்லது. நாள் முழுக்க ஓடவிட்டுவிட்டு மற்ற கடைகளைச் சுற்றிப் பார்க்கப் போகலாம்.

## மின்சாரம் எங்கிருந்து

எதற்கும் ஆல்கலைன் செல் போதும். லேப்டாப், பவர் பேங்கில் இருந்து எடுத்த லித்தியம் செல்லைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஸ்க்ரூ, ஊக்கு இரண்டும் கிட்டத்தட்டக் குறுக்கு இணைப்பு, லித்தியம் செல் தீப்பிடிக்கும். பைக் பேட்டரியும் வேண்டாம், கம்பி சிவந்துவிடும். போன் சார்ஜரைப் போட்டால் நல்ல சார்ஜராக இருந்தால் அணைந்துகொள்ளும், மட்டமானதாக இருந்தால் கருகும். சுவர் பிளக்கை நினைக்கவே கூடாது.

## என் தேர்வு

ஊக்கு மோட்டார், கூடவே பிரித்துவைத்த ஒரு பொம்மை மோட்டார். பிளவு வளையத்தில் இரண்டு வாரம் மல்லுக்கட்டுவதை விட இது பலருக்கு உதவும். பழைய ரிமோட் காரில் கிடக்கும் சின்ன மோட்டாரின் பின்பக்கம் மடித்துவிட்ட இரண்டு தகடுகளை ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்தினால் மூடி வந்துவிடும். உள்ளே வளைந்த இரண்டு காந்தங்கள், மூன்று கை உள்ள சுருள், மூன்று துண்டாகப் பிளந்த திசைமாற்றி, மூடியில் இரண்டு மெல்லிய தூரிகைத் தகடுகள். ஏன் மூன்று கை? இரண்டு என்றால் இடைவெளியில் நின்றுபோகும் ஒரு செத்த நிலை இருக்கும், விரலால் தட்டவேண்டும். மூன்று என்றால் எங்கே நின்றாலும் தானாகக் கிளம்பும். ஊக்கு மோட்டாரைத் தட்டிவிட்டுக் கிளப்பிய கையோடு இதைக் காட்டினால், பிளவு வளையம் பற்றிய கேள்விக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும்.

கண்காட்சி நாளில் மாற்றுச் செல்கள், ஒரு துண்டு உப்புத்தாள், முன்கூட்டியே சுற்றிச் சுரண்டிவைத்த இன்னொரு சுருள் மூன்றையும் பையில் போட்டுவிடுங்கள். ஒரு சின்ன சுவிட்சும் இணைத்துவிட்டால் ஆள் இல்லாத நேரத்தில் செல் வடியாது. மேசை கேட்கும்போது சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே இல்லாத மேசையாகக் கேளுங்கள், அந்தக் காற்றில் சுருள் ஊக்கிலிருந்து எகிறி விழும்.